ஏழு மணிக்கு நின்றுபோன நாதஸ்வரம்

படிக்காதவர் ஒரு சாமானைப் பழுது பார்த்தால் இரண்டு தட்டு தட்டுவார். ஓடினால் ஓடும், இல்லாவிட்டால் விட்டுவிடுவார். படித்தவர் அப்படியல்ல. நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து, தேதி போட்டு, நேரம் குறித்து, கோடு கிழித்து, ஒழுங்காகத் தவறு செய்வார்.

நான் படித்தவள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையில் முதல் டிப்ளமா என்னுடையது. அதுவும் கணினி வலையமைப்பில். சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைத்திருக்கிறார் அப்பா. (முருகனைவிட ஒரு சாண் கீழே. அந்த அளவு அடக்கம் எங்களுக்கு உண்டு.) அப்பா பாமாயில் தரும் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர். அம்மா அதே தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவர். சாந்தி அக்கா மூன்றாம் படிவத்தோடு பள்ளியை நிறுத்திவிட்டுக் கையுறைத் தொழிற்சாலைக்குப் போனாள். நான் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் போனாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதை ஒருமுறைகூட அவள் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் இவ்வளவு பீற்றிக்கொண்டு திரிந்திருக்க மாட்டேனோ என்னவோ.

டிப்ளமா முடித்ததும் கிள்ளானில் ஓர் இணைய நிறுவனத்தில் வேலை கிடைத்தது. வைஃபை வரவில்லை என்று அழைப்பவர்களுக்குத் தொலைபேசியில் வழி சொல்வது என் வேலை. முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுக்காமல் ஒரு பாட்டுப்பெட்டி வாங்கினேன். உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி. வைஃபை வழியாக இணையத்திலிருந்து பாட்டை இழுத்து, அப்பாவின் பழைய ஸ்பீக்கருக்குக் கம்பி வழியாக அனுப்பும். எல்லாம் சரியாக இருந்தால் அதன் விளக்கு வெள்ளையாக எரியும். வைஃபையைத் தொலைத்துவிட்டால் ஆரஞ்சு நிறத்தில் மினுக்கும்.

அம்மா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கூடத்தில் சாமி மேடைக்குக் கீழே அமர்த்தினார். காலை ஐந்து மணிக்கு சுப்ரபாதம், மத்தியானம் பழைய பாட்டு, சாயந்திரம் நாதஸ்வரம். பிசிறில்லாமல் ஓடியது. மாலை ஏழு மணி வரைக்கும்.

ஏழு தாண்டி இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். நாதஸ்வரம் ஏறி ஏறி ஓர் உச்சியில் போய் நிற்கும். நின்றது நின்றதுதான். ஆரஞ்சு விளக்கு மினுக்கும். அரைமணி நேரம் கழித்து யாரும் தொடாமலே தானாகப் பாட ஆரம்பிக்கும். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஒரு மணி நேரம் மௌனம்.

"டிப்ளமா, உன் பெட்டிக்கு லைன் போச்சு," என்று அம்மா கூப்பிடுவார். அம்மாவுக்கு வைஃபை, மின்சாரம், தண்ணீர் எல்லாமே லைன்தான்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜெராம் பக்கம், தோட்டத்தை ஒட்டிய தாமானில், அதாவது குடியிருப்பில், மலிவு வீடு. முன்னால் கூடமும் அறைகளும். அதன் பின்சுவரோடு சேர்த்து அப்பா தன் கையாலேயே கட்டிய சமையற்கட்டு, அதன் மூலையில் என் படிப்பு மேசை. சமையற்கட்டு கட்டுவதற்கு முன்பு பின்சுவரில் மழை அடிக்கிறது என்று அப்பா சுவர் முழுக்கத் தகரம் அடித்திருந்தார். எலி கடிக்கிறது என்று பின்கதவுக்கும் தகரம் அடித்திருந்தார். சமையற்கட்டு வந்து, அந்தப் பின்கதவு கூடத்துக்கும் சமையற்கட்டுக்கும் நடுக்கதவாகிவிட்ட பிறகும் அந்தத் தகரத்தைக் கழற்றவில்லை. ("நல்ல தகரம் லா, ஏன் கழட்டணும்.") இணைய லைன் போட வந்தவர் ரவுட்டரைக் கூடத்தில் வைக்கலாமா என்று கேட்டார். நான்தான் என் மேசைமேல் வைக்கச் சொன்னேன். படித்தவள் எங்கே இருக்கிறாளோ அங்கேதானே இணையமும் இருக்க வேண்டும்.

புத்திசாலி வாசகர்களுக்கு இப்போதே விஷயம் புரிந்திருக்கும். எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆயிற்று.

நோட்டுப் புத்தகம் திறந்தேன். முதல் வாரம், பெட்டியை அணைத்துப் போட்டேன். ரவுட்டரை அணைத்துப் போட்டேன். இரண்டாம் வாரம், பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்தேன். மூன்றாம் வாரம், அது கரண்ட் கோளாறாக இருக்கும் என்று வேறு சார்ஜர் மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. நான்காம் வாரம் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தேன். ஏழு மணி என்பது தாமானில் எல்லோரும் வேலை முடிந்து வந்து கைப்பேசியில் படம் பார்க்கும் நேரம். காற்றில் நெரிசல். உடனே பக்கத்து வீட்டு மேரி ஆண்ட்டியிடம் போனேன்.

"ஆண்ட்டி, ஏழுலருந்து ஏழரை வரைக்கும் உங்க வைஃபைய அடைச்சி வைக்க முடியுமா? ஒரு பரிசோதனை."

"அந்த நேரத்துலதான் நாங்க வீடியோ கால்ல ஜெபம் பண்றோம். ஒங்க பெட்டி பாட, எங்க ஜெபத்த நிறுத்தணுமா?"

"மூணு நாளைக்கி மட்டும்."

பாவம், மூன்று நாளும் கைப்பேசி சிம்மிலேயே ஜெபித்தார்கள். மூன்று நாளும் நாதஸ்வரம் சரியாக நின்றது.

வீட்டிலும் ஆளுக்கொரு கருத்து இருந்தது. அப்பாவுக்கு இதில் குழப்பமே இல்லை. "காலைல அஞ்சு மணிக்கி வேலைய ஆரம்பிக்கிது. நானே ரெண்டு மணிக்கி வேலைய முடிச்சி வந்துர்றேன். அதுக்குக் களைப்பு இருக்காதா?" அக்கா பெட்டியையே உற்றுப் பார்த்துவிட்டு, "அம்மா விளக்கு வச்சதும் நிக்கிது. ஒருவேள அதுவும் சாமி கும்புடுதோ," என்றாள். இருவருக்கும் வைஃபை அலைகள் பற்றி அரைமணி நேரம் விளக்கினேன். படமும் வரைந்தேன். அந்தப் படத்தில் பின்கதவு இல்லை.

கடைசியில் வெட்கத்தை விட்டு எங்கள் நிறுவனத்துக்கே அழைத்தேன். எடுத்தவள் என்னோடு வேலை செய்பவள்.

"தேவியா? என்னைய ஏன் கேக்குற? நாங்க கேக்குற கேள்விங்கள எல்லாம் தமிழ்ல எழுதிக் குடுத்ததே நீதானே."

"பரவால்ல, மொறையா கேளு."

முறையாகவே கேட்டாள். நான்காவது கேள்வி: ரவுட்டருக்கும் கருவிக்கும் நடுவில் இரும்பு, தகரம் ஏதாவது உண்டா?

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல, செவுருதான்," என்றேன்.

அந்த நேரத்தில் நான் எங்கே நின்றுகொண்டிருந்தேன் என்றால், பின்கதவின் தகரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு.

என் விசாரணை முறையிலும் ஒரு விசேஷம் உண்டு. பாட்டு நின்றதும் கூடத்திலிருந்து ஓடுவேன். சாத்தியிருக்கும் பின்கதவைத் திறந்து சமையற்கட்டுக்குப் போவேன். ரவுட்டரில் பச்சை விளக்குகள் அழகாக எரியும். கூடத்திலிருந்து அம்மாவின் குரல் வரும்: "கதவ சாத்து." சாத்துவேன். ஒரு குறையும் இல்லை என்று குறித்துக்கொண்டு, கதவைத் திறந்து கூடத்துக்கு வந்து, ஞாபகமாக மறுபடி சாத்திவிட்டுப் பெட்டியைப் பார்ப்பேன். ஆரஞ்சு. நோயாளியைப் பார்க்க வரும் ஒவ்வொரு முறையும் ஆக்சிஜன் குழாயின் மேல் நின்றுகொண்டு நாடி பிடித்துப் பார்க்கும் டாக்டர் நான்.

இந்த நிலையில்தான் அக்காவுக்குச் சம்பந்தம் கூடிவந்தது. மாப்பிள்ளைக்குக் கோலா குபு பாருவில் அரசாங்க அலுவலகத்தில் வேலை. நல்ல மனிதர், அக்கா இரண்டு தடவை கைப்பேசியைப் பார்த்துத் தனியாகச் சிரித்ததிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சிக்கல் மாப்பிள்ளையின் அப்பா. ஒரு தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். சகுனம் பார்ப்பதில் கணக்குப் பிசகாதவர். இதற்கு முன்பு மகனுக்குப் பார்த்த ஓர் இடத்தில், தட்டு மாற்றும் நேரத்தில் யாரோ "போச்சு" என்று சொல்லிவிட்டார்களாம். கொண்டுபோன தட்டுகளை வேனில் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

அதனால்தான் தட்டு மாற்றும்போது கெட்டிமேளம் கட்டாயம் என்று அம்மா சொல்லியிருந்தார். தும்மலோ, பல்லி சத்தமோ, வேண்டாத சொல்லோ எதுவும் யார் காதிலும் விழக்கூடாது. ஜெராமிலிருந்து நாதஸ்வரம், தவில் இரண்டு பேருக்குச் சொல்லிவைத்திருந்தார்.

நிச்சயத்துக்கு எட்டு நாள் முன்பு, அம்பாங் பெச்சாவில் சின்னம்மா மகளுக்குக் குழந்தை பிறந்தது. அம்மா ஒரு வாரம் உதவிக்குப் போனார். அம்மா கிளம்பிய அன்று மாலை ரவுட்டரின் அலைவரிசையை ஒன்றிலிருந்து பதினொன்றுக்கு மாற்றினேன். அக்கா விளக்கேற்றினாள். (அக்கா விளக்கேற்றுவது என்றால் தீக்குச்சியைக் கிழிப்பதோடு சரி. மற்ற சாங்கியம் எல்லாம் அம்மா கணக்கு.) ஏழு அடித்தது. ஏழேகால் ஆனது. எட்டு ஆனது. நாதஸ்வரம் நிற்கவே இல்லை.

மறுநாளும் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமைகூட நிற்கவில்லை. நோட்டில் சிவப்பு மையால் 'தீர்வு: அலைவரிசை பதினொன்று' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். அப்புறம், யாரும் கேட்காமலே, ஜெராமுக்கு அழைத்தேன்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம மேளம் வேணாம்ணே. வீட்டுலயே ஏற்பாடு இருக்கு."

"எந்தக் குழும்மா?"

"குழு இல்லண்ணே. மெசினு."

நாதஸ்வரக்காரர் கோபப்படவில்லை. "மெசினுக்கு மூச்சு வாங்காது, அது உண்மைதான். தட்டு மாத்துறத அது எப்டிம்மா பாக்கும்?" என்றார்.

"நான் பாத்து கைப்பேசில அமுக்குவேன்ணே."

அக்காவிடம் சொன்னபோது, அவள் ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். "அம்மாகிட்ட கேட்டியா?" என்றாள்.

"அம்மாவுக்கு சர்ப்ரைஸ்."

"தேவி, நிச்சயம் எனக்கு."

"அதான்க்கா. கிராணி வீட்டு ஆளுங்க வராங்க. இந்த வீட்டுலயும் படிச்ச ஆளு இருக்குன்னு தெரிய வேணாமா?"

அக்கா ஊசியைப் பார்த்துக்கொண்டே, "சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள். அந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகும்.

சனிக்கிழமை அம்மா வந்து இறங்கும்போது மணி எட்டு. விளக்கு ஏற்றியாகிவிட்டது, நாதஸ்வரம் பாடிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அம்மா பையைக்கூடக் கீழே வைக்காமல் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நிக்காதில்ல?" என்று மட்டும் கேட்டார். நோட்டைத் திறந்து இரண்டு கோடுகளைக் காட்டினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. சிவப்பு மை என்பதால் நம்பினார்.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வேன் வந்தது. பெரிய கிராணி வெள்ளை வேட்டியில் இறங்கினார். கூடத்தில் மங்கள இசை பொங்கிக்கொண்டிருந்தது. அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "யாரு வாசிக்கிறா? ஆளக் காணோமே," என்றார்.

"என் சின்ன மவ," என்றார் அப்பா. "வாசிக்கலங்கய்யா. வாசிக்க வைக்கிறா. டிப்ளமா."

கிராணியின் கண் சுவருக்குப் போனது. சான்றிதழைப் படித்தார். தலையை மெதுவாக ஆட்டினார். அந்த ஆட்டலோடு நான் செத்துப்போயிருந்தால் நிறைவான வாழ்க்கையாக இருந்திருக்கும்.

ஏழு மணிக்கு நல்ல நேரம் தொடங்கியது. அம்மா எழுந்து போய்ப் பின்கதவைச் சாத்திவிட்டு வந்து விளக்கேற்றினார். பழம், பாக்கு, புடவை, இனிப்பு என்று தட்டுகள் நடுவில் வரிசையாக இருந்தன. மாப்பிள்ளையின் மாமா நிச்சய ஓலையை வாசித்தார். தட்டைத் தூக்கினார்கள். நான் கைப்பேசியில் கெட்டிமேளத்தை அமுக்கினேன்.

அமைதி.

கெட்டிமேளம் வரவில்லை என்பதோடு போகாமல், ஓடிக்கொண்டிருந்த மங்கள இசையும் நின்றது. ஆரஞ்சு விளக்கு மினுக்கியது. கைப்பேசியின் சொந்த ஒலிபெருக்கியிலாவது வைப்போம் என்று வைத்தேன். தகரக் கூரைக்கடியில் சிம்முக்கு இருந்த ஒரு கோடு சிக்னலில், டம்ளருக்குள் மாட்டிய கொசு மாதிரி ஒரு கெட்டிமேளம் கேட்டது. பழைய ஸ்பீக்கரில் கம்பி செருகத்தான் துளை. என் புதுக் கைப்பேசியில் கம்பிக்குத் துளையே கிடையாது. அந்த நேரம் பார்த்து எங்கள் பெரியப்பா தும்மினார். சின்னத் தும்மல் இல்லை. கூடத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை போன தும்மல்.

பெரிய கிராணி இரண்டு விரலை உயர்த்தினார். "தட்டக் கீழ வைங்க."

தட்டுகள் கீழே வந்தன. அக்கா தலையை நிமிர்த்தவில்லை. அவள் விரல்கள் புடவை முந்தானையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தன. மாப்பிள்ளை தன் அப்பாவைப் பார்த்தார். என் அப்பா என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். அதில் இரண்டு சிவப்புக் கோடுகள்.

அணைத்துப் போட்டேன். சமையற்கட்டுக்கு ஓடினேன். "கதவ சாத்து," என்றார் அம்மா, இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு. சாத்தினேன். ரவுட்டர் பச்சையாகச் சிரித்தது. திரும்பி வந்தேன், சாத்தினேன். மறுபடி ஓடி அலைவரிசையை ஆறுக்கு மாற்றினேன். ஒன்பதுக்கு மாற்றினேன். வேனில் வந்தவர்களில் ஒருவர் செருப்பு எங்கே என்று பார்க்கத் தொடங்கியிருந்தார்.

அப்போதுதான் மேரி ஆண்ட்டி சமையற்கட்டின் வெளிவாசல் வழியாக வந்தார். இரண்டு கையிலும் கேசரிச் சட்டி. முழங்கையால் கூடத்துப் பின்கதவைத் தள்ளித் திறந்து எட்டிப் பார்த்து, அப்படியே விட்டுவிட்டுத் திரும்பிச் சமையற்கட்டு மேசையில் சட்டிகளை இறக்கி மூடி தேடிக்கொண்டிருந்தார். பெட்டியின் விளக்கு வெள்ளையானது. ஸ்பீக்கரிலிருந்து கெட்டிமேளம் வெடித்தது. பெரியப்பா பயத்தில் இன்னொரு முறை தும்மினார். யார் காதிலும் விழவில்லை.

கிராணியின் முகம் கொஞ்சம் தளர்ந்தது. "சரி, எடுங்க," என்றார். எல்லோரும் தட்டை நோக்கிக் குனிந்தார்கள். அம்மா நிம்மதியாக மூச்சுவிட்டார். விட்டுவிட்டு, திறந்து கிடந்த பின்கதவைப் பார்த்தார். விளக்கு எரிகிற நேரத்தில் பின்வாசல் திறந்திருந்தால் முன்வாசலில் வந்த லட்சுமி அந்த வழியாகப் போய்விடுவாள் என்பது எங்கள் தாமானில் குழந்தைக்கும் தெரியும். அம்மா போய்ச் சாத்தினார். தாழ்ப்பாளும் போட்டார்.

நான் அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏதோ ஒன்று என் தலைக்குள் மெதுவாக, மிக மெதுவாக, மூன்று வருடப் படிப்பின் வழியாக ஏறி வந்தது. தகரம். இந்தப் பெட்டி கொஞ்சம் பாட்டை முன்கூட்டியே வாங்கிச் சேர்த்துவைத்துக்கொள்கிற சாதனம். அதனால்தான் கதவு சாத்தி இரண்டு நிமிடம் கழித்து நிற்கிறது. ஏழு மணி. வெள்ளிக்கிழமை நீண்ட பூசை. அம்பாங் பெச்சா.

"அம்மா," என்றேன், "கதவ தெறங்க."

கூடம் முழுக்கத் திரும்பியது.

"விளக்கு எரியிது. அறிவில்லையா ஒனக்கு?"

"கதவுல தகரம்மா. அது சாத்துனா லைன் வராது. இன்னும் ஒரு நிமிசத்துல நின்னுரும்."

"தெறந்தா லட்சுமி போய்ருவா."

"சாத்துனா மேளம் போய்ரும்மா."

பெரிய கிராணி தட்டைப் பிடித்தபடியே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கே இது புதிய கணக்கு. மேளம் இல்லாவிட்டாலும் அபசகுனம், கதவு திறந்தாலும் அபசகுனம். அக்கா அப்போதுதான் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஏதாவது செய் என்பது மாதிரி பார்த்தாள்.

பேசியது மாப்பிள்ளையின் அம்மா. அதுவரை வாயே திறக்காதவர். "ஏங்க, வீட்டுப் பொண்ணு வாசல மறிச்சி நின்னா லட்சுமி எப்டிப் போவா? தாண்டிக்கிட்டா போவா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "போய் நில்லும்மா," என்றார்.

கிராணி பின்வாசலை மேலும் கீழும் அளந்து பார்த்தார். "கதவு மாதிரி நிக்கணும்," என்றார். "நவுரக்கூடாது."

ஓடினேன். தாழ்ப்பாளை எடுத்துக் கதவைத் திறந்து, வாசற்படியில் இரண்டு கையையும் விரித்து நின்றேன். நின்ற பிறகுதான் இன்னொரு பாடம் ஞாபகத்துக்கு வந்தது. மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரும் வைஃபையை மறிக்கும். மேளம் விக்கியது.

மேரி ஆண்ட்டி கேசரிக் கரண்டியோடு என் கைக்கடியில் நுழைந்து கூடத்துக்கு வந்து பெட்டியின் விளக்கைப் பார்த்து உத்தரவு போட ஆரம்பித்தார். "ஆரஞ்சு. கொஞ்சம் வலது பக்கம். இன்னும். ஆ, வெள்ள. மூச்சு விடாத. இல்ல இல்ல, ஆரஞ்சு. தேவி, ஒல்லியா நில்லு லா."

ஒருக்களித்து, ஒரு காலைத் தூக்கி, வயிற்றை எக்கி, ஒரு கையை மேல் நிலையிலும் மற்றதைக் கீழ் நிலையிலும் வைத்துக்கொண்டு நின்றபோது விளக்கு வெள்ளையாகவே நின்றது. கெட்டிமேளம் முழங்கியது. தட்டு மாறியது. அக்கா சிரித்தாள். நான் அதைப் பார்க்கவில்லை. என் முகம் சமையற்கட்டுப் பக்கம் இருந்தது. சாமி விளக்கு அணையும்வரை நகரக்கூடாது என்று கிராணி ஒருமுறைக்கு இருமுறை சொல்லிவிட்டதால், ஆசீர்வாதம், படம் எடுப்பது, பந்தி முதல் வரிசை எல்லாம் முடியும்வரை அப்படியே நின்றேன். செம்பனைத் தோட்டத்துக் கொசுக்கள் சுடிதாருக்கு வெளியே தெரிந்த இடங்களை எல்லாம் கவனித்துக்கொண்டன. மேரி ஆண்ட்டி இடையில் ஒரு வாய் கேசரி ஊட்டிவிட்டார். "ஜெபத்த நிறுத்த சொன்னியே," என்று மட்டும் சொன்னார்.

நிச்சய ஆல்பத்தில் நான் ஒரு படத்திலும் இல்லை. தட்டு மாற்றும் படத்தில் எல்லோருக்கும் பின்னால், வாசல் நிலையைப் பிடித்திருக்கும் ஒரு கை மட்டும் தெரியும். அக்கா அந்தப் படத்தைப் பெரிதாக்கி, என் சான்றிதழுக்குப் பக்கத்தில் மாட்டினாள். இரண்டும் ஒரே உயரம்.

அப்புறம் ஒரு நாள் சுவரில் ஓட்டை போட்டுக் கம்பி இழுத்துப் பெட்டியை ரவுட்டரோடு நேராக இணைத்துவிட்டேன். இப்போது எந்தக் கதவைச் சாத்தினாலும் அது பாடும். ஆனால் கோலா குபு பாருவில் அக்கா வீட்டுக்குப் போனால், "கதவு வந்துருச்சி," என்றுதான் அக்கா வீட்டுக்காரர், என் மாமா, உள்ளே குரல் கொடுப்பார். கிராணி சிரிக்க மாட்டார். "நல்ல கதவு," என்பார்.

போன மாதம் என்னைப் பார்க்க ஒரு வீட்டிலிருந்து வந்திருந்தார்கள். அக்காவும் மாமாவும்கூட வந்திருந்தார்கள். சரியாக ஏழு மணி. அம்மா எழுந்து பின்கதவைச் சாத்தினார். அவ்வளவுதான், எங்கள் வீட்டார் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். வந்தவர்கள் திகைத்துப்போய்ப் பார்த்ததால் முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. மாமாதான் சொன்னார். ஒற்றைக் காலில் நின்றும் காட்டினார்.

பையனின் அம்மா மட்டும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி, ஒன் நிச்சயத்துக்கு யாரும்மா நிப்பா?" என்றார்.

கம்பி இழுத்துவிட்டேன், இனி யாரும் நிற்க வேண்டியதில்லை என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், அக்கா கையைத் தூக்கிவிட்டாள்.